பத்துப் பேர் வண்டி

கனத்த வண்டியே காப்பான வண்டி என்பது நம் பெரியவர்களிடையே வேரோடிய நம்பிக்கை. கதவைச் சாத்தினால் ஓசை தெருமுனைவரை கேட்க வேண்டும். தட்டிப் பார்த்தால் கை வலிக்க வேண்டும். கீழக்கரையில் நம் இல்லத்து வாசலில் 2001 முதல் நிற்கும் டாட்டா சுமோ இவ்விலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்துவது. அதன் பதிவை 2026-இல் மேலும் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கும் தவணை நெருங்கியபோது, அதற்கு ஈடாக மாருதி டிசையர் வாங்கலாம் என்றான் மகன். "தகர டப்பா" என ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்கள் உம்மா. ஆகவே இரு தரப்பையும் ஆய்ந்து பார்க்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது.

சுமோ 1994-இல் வெளிவந்தது. அந்நிறுவனத்தை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகளே அதன் பெயர். ஜப்பானிய மல்லர்களுக்கும் அதற்கும் உறவில்லை. லாரியைப் போலவே தனிச் சேஸிஸின்மீது கூடு பொருத்தப்பட்ட வண்டி அது. பின்புறத்தில் எதிரெதிராக இரு பலகை இருக்கைகள். நெருங்கி அமர்ந்தால் பத்துப் பேர். நிக்காஹ் வீட்டுக்குப் புறப்பட்டால் சீர்த்தட்டுகளும் மடிமீது ஏறிக்கொள்ளும். 2019-இல் அதன் உற்பத்தி நின்றது.

டிசையரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தது 2006-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை. அச்சலுகையை நாடியே 2012-இல் டிசையரின் வால் நறுக்கப்பட்டது. வரிக்கு அஞ்சி உடலைக் குறுக்கிக்கொண்ட வாகனம் என்று நகைக்கலாம். நம் ஊர்ச் சந்துகளில் எதிரே ஓர் ஆட்டோ வந்துவிட்டால் அக்குறுக்கத்தின் அருமை விளங்கும்.

வழக்கின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. மோதலின்போது காரின் முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், மனிதர் அமரும் நடுக்கூடு மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்ற கருத்துக்கு 1952-இல் காப்புரிமை பெற்றவர் பேலா பரெனி என்னும் பொறியாளர். மெர்சிடஸ் நிறுவனம் 1959-இல் அதைச் செயலாக்கியது. வைக்கோற்போர்மீது விழுபவனுக்கும் கருங்கல்மீது விழுபவனுக்கும் உள்ள வேறுபாடுதான். நசுங்காத இரும்பு தான் வாங்கிய அடியை உள்ளிருப்பவர் உடலுக்கே கடத்திவிடும். 2024-இல் வந்த டிசையரில் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகள் உண்டு. குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்புக்கு நான்கும் பெற்றது. உம்மாவின் தகர டப்பா இதுதான்!

பழைய வண்டியின் பின்பலகைகளை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. பக்கவாட்டில் அமரும் பிள்ளையைத் திடீர் பிரேக்கின்போது தாங்கிக்கொள்ள அருகிலிருப்பவர் தோளன்றி வேறொன்றுமில்லை. பேரப்பிள்ளைகள் சண்டையிட்டுப் பிடிக்கும் இடமும் அதுவே.

முழங்கால் வலிக்கு இரண்டுமே பகை. சுமோவில் ஏற உம்மாவுக்கு முக்காலி வேண்டும். டிசையரிலிருந்து எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

நெடுஞ்சாலைக்குப் புதியதே தக்கது என்று தீர்ப்புச் சொன்னோம். ஆயினும் ஒரே கூரையின்கீழ் பத்துப் பேர் கேட்டு வந்த உம்மாவின் பழங்கதைகளை இனி ஐவரே கேட்பர். அவர்களுள் ஒருவர் வண்டியோட்டுபவர். சுமோவை விற்கவில்லை. பின்பலகைகளைக் கழற்றி, ஊருக்குள் மட்டும் ஓட்டுவதென ஏற்பாடு. இராமநாதபுரத்து லாத்தா வீட்டுக்குப் பெருநாளன்று டிசையரில் இரண்டு நடை போக வேண்டும். முதல் நடையில் உம்மாவோடு யார் யார் என்று பிள்ளைகள் இப்போதே பெயர் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.