கறுப்பு என்றால் காட்டமா?

சுருட்டு கறுக்கக் கறுக்கக் காட்டமும் ஏறும் என்று நம்புகிறவர்கள் நிறைய. நண்பருக்கு மகன் பிறந்த மகிழ்ச்சியில் அவர் நீட்டிய நிக்கராகுவா சுருட்டைப் பார்த்ததும், "தலை சுற்றப்போகுது, பார்த்து!" என்றார்கள் கூட இருந்தவர்கள்.

அது 'மடூரோ' வகை. ஸ்பானிய மொழியில் 'பழுத்தது' என்று பொருள். மேலே சுற்றும் இலையைக் கூடுதல் காலம் புழுங்கவைத்துப் பதப்படுத்துவதால் அந்தக் கறுப்பு வருகிறது. அந்த இலை தருவது பெரும்பாலும் லேசான இனிப்பு. காட்டம் உள்ளே இருக்கிறது. செடியின் உச்சியில் வெயிலை அதிகம் வாங்கி விளையும் 'லிகேரோ' இலை எவ்வளவு கலந்திருக்கிறதோ, அவ்வளவு காட்டம். (ஆங்கிலத்தின் 'செரூட்' நம் 'சுருட்டு' தந்த சொல் என்பது தெரியும்தானே?)

புகையை உள்ளிழுக்காமல் வாயில் நிறுத்திப் பார்த்தேன். முதலில் மிளகு. பிறகு கோப்பி ஓ கோசோங்கின் கசப்பு, அதன் பின்னால் மெல்லக் கருப்பட்டி வாசம். நடுப்பகுதிதான் அருமை. அவசரமாக இழுத்தால் சூடேறிக் கசந்துவிடும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். கடைசிப் பகுதியில் மிளகு மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டது. பத்துக்கு ஏழு கொடுப்பேன்.

உள்ளிழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாய்வழியே இரத்தத்தில் சேரும். வாய்ப் புற்றுநோய், தொண்டைப் புற்றுநோய் அபாயமும் உண்டு. குரலை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்த ஏழு மதிப்பெண் விலை அதிகம். மறுநாள் காலை நிகழ்ச்சியில் என் குரல் அரைக்கட்டை இறங்கியிருந்தது. "தம்பிக்குச் சளியா?" என்று ஒரு நேயர் அழைத்துக் கேட்டார்.