கேட்டவர்கள் சொல்லி வைக்க வேண்டும்

அறுபது வயதைத் தாண்டிய நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் ரேடியோவில் வந்து நிற்கும். சர்க்கரை, பிரஷர், பென்ஷன், பேரன் பேத்தி என்று சுற்றிவிட்டு, யாராவது ஒருவர், "பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?" என்று ஆரம்பிப்பார். அதன்பிறகு வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வராது. கேள்வி மேல் கேள்வி வரும். அந்த நாடகத்தில் நடித்தவர் யார்? அந்த நிகழ்ச்சி சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? அந்த அறிவிப்பாளர் இப்போது எங்கே இருக்கிறார்?

பக்கத்தில் இருக்கும் இளையவர்களுக்கு இது பொழுதுபோகாதவர்களின் பழங்கதையாகத் தெரியலாம். பழங்கதை பேசுவது முதியவர்களின் உரிமை என்று விட்டுவிடவும் செய்யலாம். நான் அதை உரிமை என்று சொல்லமாட்டேன். கடமை என்றே சொல்வேன். காரணம் எளிது. சினிமாவுக்குப் பிலிம் இருக்கிறது, பத்திரிகைக்குக் காகிதம் இருக்கிறது. அந்தக் கால ரேடியோ நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி நேரடியாகப் பேசப்பட்டு, காற்றோடு போனது. ஒலிநாடா விலை அதிகம் என்பதால், பதிவானவற்றிலும் பலவற்றை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிந்தார்கள். ஆகவே அன்று கேட்ட காதுகள்தாம் இன்று மிஞ்சியிருக்கும் பதிவு. அந்தக் காதுகளுக்கு உரியவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறோம்.

தென் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ரேடியோ என்றால் சிலோன் ரேடியோதான். கொழும்பில் ஒலிபரப்பு 1925-இலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் இருந்த வீரர்களுக்காக, கொழும்புக்கு வடக்கே ஏகலையில் சிற்றலை ஒலிபரப்பியை நேச நாட்டுப் படைகள் நிறுவின. போர் முடிந்த பிறகு அது இலங்கையின் கைக்கு வந்தது. 1949-இல் ரேடியோ சிலோன் என்ற பெயரும், அடுத்த ஆண்டே வர்த்தக ஒலிபரப்பும் வந்தன. சண்டைக்காக வைத்த கருவி பாட்டுக்குப் பயன்பட்டது.

இங்கே இந்தியாவில் 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தின்மேல் பெரும் பற்று வைத்திருந்தவர். சினிமாப் பாட்டுக்கு அகில இந்திய வானொலியில் இடம் சுருங்கியது. ரசிகர்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள். வடக்கே அமீன் சயானியின் பினாகா கீத்மாலாவும் அங்கிருந்துதான் ஒலித்தது. 1957-இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் எங்கள் பக்கத்து வீடுகளில் சிலோன்தான் முதலில்.

சிலோனின் அறிவிப்பாளர்களில் எஸ்.பி. மயில்வாகனன் பேசினால் மூச்சு விடுவது எப்போது என்று தெரியாது. ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் வீட்டு மனுஷி பேசுவதுபோல் இருக்கும். கே.எஸ். ராஜா தன் கேள்விக்குச் சினிமா வசனத்தையே பதிலாக ஓடவிட்டுக் கேட்பவர்களை அசத்துவார். கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாடச் சொல்லும் பாட்டுக்குப் பாட்டை பி.எச். அப்துல் ஹமீத் நடத்தியதைப் பின்னாளில் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதிகம். ரேடியோவில் கேட்டவர்கள் அதற்கும் மூத்தவர்கள். கதைக்கு நடுவே பொருத்தமான பாட்டுகளைக் கோத்துத் தரும் இசையும் கதையும் நிகழ்ச்சிக்கு நேயர்களே எழுதி அனுப்புவார்கள். அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கிய கைகள் எத்தனையோ.

நான் தபால் துறையில் வேலை பார்த்தவன். அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். 1980-களில்தான் அந்த வழக்கம் முழுக்க ஒழிந்தது. அந்தச் சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுத்தபோது எனக்கு ஒன்று தெரியும்: ஒரு லைசென்ஸ் என்பது ஒரு வீட்டுக்கு மட்டும் ஆனதில்லை. அதில் கேட்பது ஒரு தெரு.

எங்கள் தெருவில் ரேடியோ இருந்த வீட்டில், சுவரில் அடித்த மரப்பலகையின் மேல் அது உட்கார்ந்திருக்கும். கை வேலைப்பாடு செய்த வெள்ளைத் துணி போட்டு மூடியிருப்பார்கள். வால்வு ரேடியோ என்பதால் திருகியதும் பாடாது. உள்ளே வால்வு சூடேற வேண்டும். முகப்பில் இருக்கும் பச்சைக் கண் மெல்ல ஒளிரும். நிலையம் சரியாகச் சிக்கியதும் அந்தப் பச்சை ஒளியின் இரு ஓரங்களும் நெருங்கி வரும். மொட்டை மாடியில் இரண்டு கம்புகளுக்கு நடுவே ஏரியல் கட்டியிருக்கும். சிற்றலையில் குரல் அலை அலையாக வந்து போகும். வானத்தில் மிக உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கில் பட்டுத் திரும்பி வரும் ஒலிபரப்பு அப்படித்தான் இருக்கும். அந்த அடுக்கு நிலையாக நிற்பதில்லை.

சமீபத்தில் எங்கள் பூங்காவில் கூடும் நண்பர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ரேடியோ என்றதும் முதலில் ஞாபகம் வருவது எது?" ரேடியோ இருந்த வீட்டில் பிறந்தவர் பாட்டுகளைச் சொன்னார். எதிர்ச்சாரியில் குடியிருந்தவர், "ஜன்னல்" என்றார். "அந்த வீட்டு ஆச்சி எங்களைப் பார்த்ததும் ஜன்னலை நல்லாத் திறந்து வைப்பாங்க. சத்தத்தையும் கூட்டி வைப்பாங்க. அவுக வீட்டுக்கு விருந்தாளி வந்த அன்னைக்கும் அடைக்கமாட்டாங்க." உள்ளே இருந்தவருக்கு இது தெரியவே தெரியாது. தன் பாட்டி என்ன செய்தார் என்பதை இத்தனை வயதுக்குப் பிறகு எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் அவர் அறிந்துகொண்டார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

நினைவைப் பகிர்வதன் பயன் இதுதான். நம் வாழ்க்கையின் ஒரு பாதி நம்மிடமே இருப்பதில்லை. பக்கத்து வீட்டில், எதிர்வீட்டில், கூடப் படித்தவனிடம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொரு நாள் பேச்சு கோமாளிகளின் கும்மாளம் பற்றி வந்தது. இலங்கையில் பெரும் வரவேற்பைப் பெற்ற நகைச்சுவை நாடகம் அது. 1976-இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. வேறு வேறு விதமாகத் தமிழ் பேசும் பாத்திரங்கள் ஒன்றுகூடி அடிக்கும் கூத்துதான் கதை. நடித்தவர்களின் பெயரோடு பாத்திரப் பெயரும் ஒட்டிக்கொண்டது. மரைக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்றே பின்னாளிலும் அழைத்தார்கள். "அதில் ஐயராக வந்து பிராமணத் தமிழ் பேசியவர் யார்?" என்று ஒருவர் கேட்டார். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அதுவரை பேசாமல் இருந்த ஒருவர், "அப்துல் ஹமீத்" என்றார். ஐயர் வேடத்தில் ஓர் இஸ்லாமியர், மரைக்கார் வேடத்தில் ராமதாஸ். யாரும் அதைப் பற்றி விசேஷமாகப் பேசாமல் சிரித்து ரசித்த காலம் ஒன்று இருந்தது என்பதைப் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அப்துல் ஹமீத் பெயரைச் சொன்னவர் யாழ்ப்பாணத்துக்காரர். 1983 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தவர். எங்கள் கூட்டத்தில் மூத்தவரும் அவர்தான். அவரிடம் ஒரு நண்பர் நெடுநாள் சந்தேகத்தைக் கேட்டார். "ஐயா, நல்ல பாட்டுப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. திடீர்னு மரண அறிவித்தல்னு வாசிப்பாங்க. அது எதுக்கு?"

சிலோன் கேட்ட எல்லோருக்கும் அந்த மரண அறிவித்தல் ஞாபகம் இருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் தந்தை என்று நிதானமாக வாசிப்பார்கள். சுன்னாகம், மானிப்பாய், சாவகச்சேரி என்ற ஊர்ப் பெயர்கள் எங்களுக்குப் பழகியது அப்படித்தான். அடுத்த பாட்டு எப்போது வரும் என்று இக்கரையில் காத்திருப்போம்.

அவர் சொன்னார்: "தம்பி, நான் அப்ப கொழும்பில வேலை செய்துகொண்டிருந்தனான். எங்கட வீட்டில போன் இல்லை. என்ர பெரிய மாமா செத்த சேதி எனக்கு ரேடியோவிலதான் வந்தது. கேட்ட உடன மெயில் ரெயினுக்கு ஓடினனான். அடுத்த நாள் எடுக்கிறதுக்கு முந்திப் போய்ச் சேர்ந்திட்டன்."

கேட்டவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "உங்க மாமா பேரு என்னங்கய்யா?" என்றார். அந்தக் கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒரே குரலை இரண்டு கரையில் இருந்து கேட்டிருக்கிறோம். எங்களுக்குப் பாட்டுக்கு இடையில் வந்த இடைவெளி, அவருக்குக் குடும்பத்துக்கு வந்த தந்தி. அவர் சொல்லியிராவிட்டால் எங்கள் ஞாபகம் அரைகுறையாகவே முடிந்திருக்கும்.

அகில இந்திய வானொலிக்கும் இப்படி நூறு கதைகள் உண்டு. சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. பஞ்சாயத்து ரேடியோவின் கீழே ஊரே உட்கார்ந்து கேட்டது. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தால் உச்சரிப்புக்காகவே கேட்போம். தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' நிகழ்ச்சியைக் கேட்காமல் வேலைக்குக் கிளம்பாதவர்கள் உண்டு. தஞ்சாவூர்க்காரர்களிடம் 'ரேடியோ நெல்' என்று சொல்லிப் பாருங்கள். 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏடிடீ 27 என்ற குறுகிய கால நெல்லை எப்படிப் பயிரிடுவது என்று திருச்சி வானொலி விடாமல் சொல்லிக்கொடுத்தது. கேட்டுப் பயிரிட்ட விவசாயிகள் அந்த நெல்லுக்கு ரேடியோவின் பெயரையே வைத்துவிட்டார்கள். காதால் கேட்டது வயலில் விளைந்த கதை இது. நடவு நட்ட கைகளுக்கு உரியவர்கள் சொன்னால்தான் இது உயிரோடு இருக்கும்.

இனி, என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தை.

பேசுங்கள். பொத்தாம் பொதுவாகப் பேசாதீர்கள். "அந்தக் காலம் பொற்காலம்" என்று சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. எந்த ஊர், யார் வீடு, ரேடியோவை யார் திருப்புவார், கூட யார் யார் இருந்தார்கள், அம்மா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொல்லுங்கள். நீங்களே கேட்டதை, கேட்டேன் என்று சொல்லுங்கள். பிறர் சொன்னதை, பிறர் சொன்னது என்று சொல்லுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் அடுத்த தலைமுறை எதை நம்பும்?

ஒருவர் ஞாபகமும் இன்னொருவர் ஞாபகமும் மோதினால் குரலை உயர்த்தாதீர்கள். "நீங்க எங்கே இருந்து கேட்டீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கும். வீட்டுப் பெண்களைக் கட்டாயம் கேளுங்கள். ரேடியோ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் ஆண்கள். அடுப்படியிலிருந்து முழு நாடகத்தையும் கேட்டவர்கள் பெண்கள். வசனம் வசனமாகச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இதுவரை நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் குறை சொல்ல ரேடியோவை ஆயுதமாக எடுக்காதீர்கள். குறை சொல்லத் தொடங்கினால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ரேடியோ நமக்குச் சொல்லித் தந்தது முகம் தெரியாதவரிடமும் அன்பாகப் பேசலாம் என்பதைத்தான். முகம் தெரிந்த பேரனிடம் அதைவிடக் கூடுதலாகவே பேசலாம்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். "அந்தக் காலம் எப்படித் தாத்தா இருந்தது?" என்று கேட்காதீர்கள். அது பெரிய கேள்வி, அதற்குச் சின்னப் பதில்தான் வரும். "ரேடியோ எந்தச் சுவரில் இருந்தது? சிலோன் வராத நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். சின்னக் கேள்விக்குத் தாத்தா ஒரு மணி நேரம் பேசுவார். கையில் இருக்கும் செல்போனில் அதைப் பதிவு செய்யுங்கள். பேசியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் சேர்த்துச் சொல்லிப் பதியுங்கள். அன்று நாடா வாங்கக் காசில்லாமல் போனதை இன்று நீங்கள் காசு செலவில்லாமல் செய்யலாம்.

எங்கள் பூங்காவில் நாங்கள் இதைத் தொடங்கிவிட்டோம். மாலையில் ஒருவர் ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும், தெரிந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும், ஒரு பேத்தி அதை நோட்டில் எழுதிக்கொள்கிறாள். யாழ்ப்பாணத்து ஐயாவின் மாமா பெயரும் அதில் ஏறியிருக்கிறது. உங்கள் ஊரிலும் தொடங்குங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இந்த வயதில் நமக்குத் தள்ளிப்போடும் வசதி கிடையாது.