சித்தப்பா எப்படி இறந்தார்?

இதயத்தசைத் தடிப்பு நோயைக் கண்டுபிடிக்கும் கருவி எது என்று மாணவர்கள் கேட்டால், எக்கோ என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வராது. எக்கோ சுவரின் தடிமனைக் காட்டும். பெரியவர்களுக்கு அது 15 மில்லிமீட்டரை எட்டினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் பல வருடப் பிரஷரிலும் வால்வுச் சுருக்கத்திலும்கூடச் சுவர் தடிக்கும். பரம்பரையாக வந்ததா என்பதற்கு வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முன் காது. ரத்தம் வெளியேறும் பாதையில் அடைப்பு உள்ளவரைக் குந்தி உட்காரச் சொல்லி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் முணுமுணுப்பு தணியும். எழுந்து நிற்கச் சொன்னால் உரக்கும். நிற்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, கீழறை சிறுக்கிறது, தடித்த சுவருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள வழி இன்னும் குறுகுகிறது. வால்வுச் சுருக்கத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. செலவே இல்லாத இந்தச் சோதனையை இளம் டாக்டர்கள் கைவிட்டுவிடக் கூடாது.

பிறகு ஒரு தாளில் மூன்று தலைமுறையை வரைவேன். “குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா?” என்றால் “இல்லை டாக்டர்” என்றுதான் பதில் வரும். “சின்ன வயதில் யாராவது இறந்தார்களா?” என்று கேட்க வேண்டும். பையன் யோசித்துக்கொண்டிருப்பான், கூட வந்த அப்பத்தா, “இவன் சித்தப்பன் கிணத்துல விழுந்து செத்தான்யா. நல்லா நீச்சல் தெரிஞ்ச புள்ள” என்பார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். 1958இல் லண்டன் நோயியலாளர் டொனால்ட் டியர் இந்நோயை விவரித்ததும், திடீரென இறந்த இளைஞர்களின் பிணப் பரிசோதனைகளைக் கொண்டுதான்.

மரபணுச் சோதனை உதவும். தனித்துத் தீர்ப்புச் சொல்லாது. தெற்காசியரில் ஏறக்குறைய 4 சதவீதம் பேருக்கு இதயத்தசைப் புரத மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதாக 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதைச் சுமப்பவர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். அதை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்த நான் துணியமாட்டேன்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரை நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மரபணுக் குறை போய்ச் சேரச் சரிபாதி வாய்ப்பு. பத்து வயதில் எக்கோ சரியாக இருந்தது என்று விட்டுவிடவும் முடியாது. பல பிள்ளைகளுக்குப் பருவ வயதில்தான் சுவர் தடிக்கத் தொடங்கும்.

உங்கள் வீட்டில் நாற்பது வயதுக்குள் யாராவது காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தால், தயவுசெய்து அதை டாக்டரிடம் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பாருங்கள்.