நடுவில் ஒரு ரோடு

ஆந்திராவில் பலமனேர் பஸ் ஸ்டாண்டு. 2025 ஜூலை 10, காலை ஆறரை மணி. குடியாத்தம் பஸ் வந்து நிற்கிறது. பூக்கூடையோடு இறங்கும் பெண்கள் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசுகிறார்கள்.

எதிரெதிரே இரண்டு டீக்கடை. ஒன்றில் முதல்வர் சந்திரபாபு பக்கம் பேசும் ஈநாடு பேப்பர் கிடக்கிறது. மற்றதில் முன்னாள் முதல்வர் ஜகன் பக்கம் பேசும் சாக்ஷி. இரண்டு கடைக்கும் பால் ஒரே வண்டியில் வருகிறது. வண்டிக்காரர் இந்தப் பக்கம் நான்கு கேன் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி, அந்தப் பக்கம் நான்கு கேன் இறக்குகிறார். இரண்டு இடத்திலும் அவர் வாயைத் திறப்பதில்லை.

முந்தின நாள் மோகிலி மலைக்குக் கீழே, பங்காருபாளையம் மாங்காய் மார்க்கெட்டுக்கு ஜகன் வந்துபோனார். யார்டுக்குள் 500 பேருக்குத்தான் அனுமதி என்று போலீஸ் சொல்லியிருந்தது. ரோட்டில் தோத்தாபுரி கொட்டிக் கிடந்தது. ஒரு கடையில் அது விவசாயியின் வயிற்றெரிச்சல். எதிர்க்கடையில் ஆள் வைத்துக் கொட்டிய நாடகம். மாங்காய் ஒன்றுதான்.

கிலோவுக்கு ஜூஸ் பேக்டரி 8 ரூபாய், சர்க்கார் 4 ரூபாய், ஆக மொத்தம் 12. இந்தக் கணக்கை இரண்டு பெஞ்சும் உரக்கச் சொல்கின்றன. பேக்டரி வாசலில் ராத்திரியெல்லாம் வரிசையில் நின்றுவிட்டு வந்த லாரி டிரைவர் ஒருவர் பன்னை டீயில் நனைக்கிறார். லாரி எந்தப் பக்கம் நின்றதோ அந்தப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் யாரும் விலை கேட்கவில்லை.

ஈநாடு பெஞ்சில் ரிட்டயரான கண்டக்டர். சாக்ஷி பெஞ்சில் தக்காளி மண்டி குமாஸ்தா. 2019 வரைக்கும் இருவருக்கும் ஒரே பெஞ்ச். ஒரே பேப்பரை இரண்டாகப் பிரித்துப் படித்தவர்கள். அந்த மே மாதம் ஓட்டு எண்ணினார்கள். 175-ல் 151 ஜகன் பக்கம், 23 சந்திரபாபு பக்கம். குமாஸ்தா இனிப்பு கொடுத்தார். கண்டக்டர் வாங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், தின்னவில்லை. 2024 ஜூனில் மறுபடி எண்ணினார்கள். சந்திரபாபுவின் மஞ்சள் கூட்டணிக்கு 164, ஜகனுக்கு 11. இந்த முறை இனிப்பு ரோட்டைத் தாண்டவே இல்லை. வெடிச் சத்தம் மட்டும் தாண்டியது.

கண்டக்டருக்குத் தக்காளி விலை வேண்டும். மகன் பெயரில் ஒன்றரை ஏக்கர் போட்டிருக்கிறார். மண்டி ரேட் குமாஸ்தாவின் துண்டுச்சீட்டில் இருக்கிறது.

"டேய் தம்பி, ரேட்டு என்னான்னு கேட்டுட்டு வா."

பையன் ரோட்டைக் கடக்கிறான். குமாஸ்தா சீட்டைத் தருகிறார்.

"பாத்துட்டு திருப்பித் தரச் சொல்லு."

இருபது அடி தூரம். சீட்டு போகிறது, வருகிறது. பையனுக்கு இரண்டு கடையிலும் சம்பளம் கிடையாது. போண்டா உண்டு.

நாட்கணக்கும் கடைக்குக் கடை வேறு. இங்கே, ஈநாடு கடையில், 53 நாள்: 2023-ல் சந்திரபாபு ராஜமகேந்திரவரம் சிறையில் இருந்தது. அங்கே 16 மாதம்: 2012-ல் ஜகன் உள்ளே போனது. இங்கே 2021 நவம்பர் 19: முதல்வராகத்தான் இந்தச் சபைக்கு வருவேன் என்று சந்திரபாபு வெளியேறிய நாள். இப்போது அவர் முதல்வராகச் சபைக்குள் இருக்கிறார். ஜகன் எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்து கேட்டுவிட்டுச் சபைக்கு வருவதில்லை. இரண்டு கடை டிவியிலும் சட்டசபை ஓடும்போது ஒரு பக்கத்து நாற்காலிகள் காலி. எந்தப் பக்கம் என்பதுதான் மாறுகிறது.

ஈநாடு கடையின் கடன் நோட்டுக்குச் சிவப்பு அட்டை. குப்பத்தில் 2023 ஜனவரி 27-ல் கிளம்பிய சந்திரபாபு மகன் லோகேஷ், நடைப்பயணத்தில் ஒரு சிவப்பு நோட்டைக் காட்டி, தொல்லை கொடுத்தவர்கள் பெயரெல்லாம் இதில் ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டு போனார். கடைக்காரர் அடுத்த வாரமே நோட்டை மாற்றினார். அதன்பிறகு கடன் ஒழுங்காக வசூலாகிறது.

பக்கத்து ஊர் கிராமச் செயலகத்துச் சுவரில் பெயின்டர் ஒருவர் ஏணி போட்டிருக்கிறார். முதலில் அதில் ஜகன் கட்சியின் நீலமும் பச்சையும் வெள்ளையும் அடித்தவர் அவரே. 2020-ல் கோர்ட் கட்சிக் கலரை எடுக்கச் சொன்னபோது சுரண்டியவரும் அவரே. இப்போது திட்டங்களின் பெயர்ப் பலகை மாறுகிறது. வயல் வரப்பில் நட்ட சர்வே கல்லில் ஜகன் பெயரைச் செதுக்கி எடுக்கிறார்கள். பட்டா பாஸ்புத்தகத்தில் அவர் போட்டோ போய், அரசு முத்திரை வரப்போகிறது. பெயின்டர் கையில் எல்லாக் கலரும் ஒட்டியிருக்கிறது. எந்தக் கட்சி என்று கேட்டால், "பில்லு பாஸாகட்டும்" என்கிறார்.

பஸ் ஸ்டாண்டு வளைவில் எம்.எல்.ஏ. அமர்நாத் ரெட்டியின் பேனர், மஞ்சளில். 2014-ல் அவர் ஜகன் கட்சியில் நின்று ஜெயித்தார். 2016-ல் சந்திரபாபு பக்கம் போனார். 2017-ல் மந்திரி. 2019-ல் தோல்வி. 2024-ல் மறுபடி வெற்றி. குமாஸ்தா 2014-ல் அவருக்காகத் தொண்டை கட்டக் கத்தியவர். கண்டக்டர் அப்போது அவரை எதிர்த்து நோட்டீஸ் ஒட்டியவர். இப்போது பேனருக்குக் கீழே கண்டக்டர் சைக்கிளை நிறுத்துகிறார்.

கண்டக்டரின் போன் அடிக்கிறது. டல்லாஸிலிருந்து மகன். அங்கே ராத்திரி. போன நவம்பர் தேர்தலுக்கு நட்ட பலகையைப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பிடுங்கவில்லையாம். அடுத்த வீட்டுக்காரரோடு அவருக்குப் பேச்சே இல்லையாம்.

"அங்கியும் கலரா?"

"ஆமாம்ப்பா. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம்."

கண்டக்டர் எதிர்க்கடையைப் பார்க்கிறார்.

"நீலத்தோட சேராத."

மகனுக்கு அங்கே ஓட்டு கிடையாது. விசா மட்டும் இருக்கிறது.

எட்டு மணிக்குப் பெண்ணைப் பெற்றவர் ஒருவர் வருகிறார். ஆஷாடம் முடிந்ததும், சிராவணத்தில் கல்யாணம். எந்த பெஞ்சிலும் உட்காரவில்லை. முதலில் மண்டி குமாஸ்தாவுக்குப் பத்திரிகை. குமாஸ்தா மூலையில் தடவிய மஞ்சளைப் பார்க்கிறார்.

"அவன் வரானா?"

"நீங்க ராத்திரி ரிசப்ஷனுக்கு வாங்கண்ணா. அவரு காலைல முகூர்த்தத்துக்கு."

ரோட்டைக் கடந்து கண்டக்டரிடம் அதையே திருப்பிச் சொல்கிறார். கேள்வியும் அதேதான்.

சமையல்காரருக்கு இலைக் கணக்கு சொல்லியாகிவிட்டது. ராத்திரிக்கு முன்னூறு, காலைக்கு முன்னூறு. சாம்பார் ஒன்றே. பந்தல்காரர் ஸ்கூட்டரை நிறுத்தாமல் காலை ஊன்றிக்கொண்டு கேட்கிறார்.

"துணி என்ன கலர் போடலாம்? மஞ்சள் ஸ்டாக் இருக்கு. நீலமும் இருக்கு."

"ரெண்டும் வேணாம்."

"செவப்பு?"

பெண்ணைப் பெற்றவர் கடன் நோட்டைப் பார்க்கிறார்.

"வேணாம்."

"வெள்ளையா? நல்ல காரியத்துக்கா?"

"ரோஸ் போடுப்பா."

"ரோஸ் இங்க இல்லண்ணா. மதனப்பள்ளிலேர்ந்து வரணும். மூவாயிரம் கூட ஆகும்."

அவர் இடுப்பில் செருகியிருந்த பையை அவிழ்த்து, அங்கேயே நின்று ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாக எண்ணிக் கொடுக்கிறார்.