ஜால்ரா சத்தம் சொன்ன பாடம்

டேமேஜர்னு நம்ம மக்கள் செல்லமா கூப்பிடுற ஜாதியில நானும் ஒருத்தன். பொட்டி தட்ட ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுல பாதி, அடுத்தவங்க தட்டுறதை மேய்க்கிற வேலை. குடியிருக்கிறது புனேயில கோந்த்வா. வங்கி அதிகாரிங்களுக்கு நிர்வாகம் சொல்லித் தர்றதுக்காக ரிசர்வ் வங்கி 1969-ல தொடங்கின என்.ஐ.பி.எம். எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு. தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் ஆபீஸ் போவேன். பாடம் என்னவோ வேற இடத்துல கிடைச்சுது.

2016-ல என் டீம்ல பதினோரு பேர். லாத்தூர்ப் பையன் ஒருத்தன் இருந்தான், வேலையில கெட்டி, அதிகம் பேச மாட்டான். ஒருநாள் திடீர்னு ராஜினாமா மெயில் அனுப்பிட்டான். வேற கம்பெனியில கூடச் சம்பளம் போலன்னு நினைச்சுக்கிட்டேன். கடைசி நாள் டீக்கடையில நிக்கும்போது விசாரிச்சேன்.

"சம்பளம் இல்ல சார். அப்பாவுக்கு டயாலிசிஸ். வாரநாள்ல தம்பி கூட்டிட்டுப் போவான், சனிக்கிழமை என் முறை. நமக்கு ரிலீஸ் சனிக்கிழமைதானே. வெள்ளிக்கிழமைக்கு மாத்த முடியுமான்னு மூணு வாரமா ரிப்போர்ட்ல எழுதினேன்."

எழுதியிருந்தான். அந்த வரியை நானும் பார்த்திருக்கேன். ஏதோ யோசனை சொல்றான், அப்புறம் பார்த்துக்கலாம்னு கடந்து போயிட்டேன். "ஏன்டா நேர்ல சொல்லல?"ன்னு கேட்டேன். "மீட்டிங்ல நீங்க 'எனி இஷ்யூஸ்?'னு கேக்கும்போது லேப்டாப்பை மூடிட்டு எந்திரிச்சுடுவீங்க சார்" என்றான். கோபமே இல்லாம சொன்னதுதான் ரொம்ப வலிச்சுது.

அந்த ஆனி மாசம், கீழ்வீட்டு மராத்திக்கார காகா, "வாரி பார்க்க வர்றியா?"ன்னு கூப்பிட்டார். ஆளந்தியில இருந்து பண்டரிபுரம் வரைக்கும் ஞானேஸ்வரர் பாதுகையைப் பல்லக்குல வச்சு லட்சக்கணக்கான பேர் நடந்து போற யாத்திரை. புனேயில தங்கிட்டு, திவே காட் ஏறி சாஸ்வட் போகும். நாங்க கோந்த்வாவுல இருந்து போப்தேவ் காட் வழியா பைக்ல சாயங்காலம் சாஸ்வட் போய்ச் சேர்ந்தோம்.

அத்தனை கூட்டத்துலயும் ஒரு ஒழுங்கு இருந்துச்சு. திண்டின்னு குழு குழுவா நடக்கிறாங்க. ஒவ்வொரு திண்டிக்கும் எண் உண்டு, ரதத்துக்கு முன்னாடி இருபத்தேழு, மீதியெல்லாம் பின்னாடி. 19-ம் நூற்றாண்டு தொடக்கத்துல இந்த முறையை உண்டாக்கினவர் ஹைபத்ராவ் பாபா ஆர்பல்கர். அவர் சிந்தியாக்கள்கிட்ட சர்தாரா இருந்தவர்னு காகா சொன்னார். பட்டாள ஒழுங்கு அங்கிருந்து வந்திருக்கும் போல.

ராத்திரி தங்குற இடத்துல சமாஜ் ஆரத்தி. எல்லா திண்டியும் வட்டமா நின்னு ஜால்ரா அடிச்சுப் பாடுறாங்க. கையில வெள்ளித்தடி வச்சிருக்கிற சோப்தார் அதைத் தூக்கினதும் அத்தனை சத்தமும் அப்படியே நின்னுடுச்சு. ஒரு மூலையில மட்டும் ஜால்ரா நிக்கல. "யாருப்பா அது, கவனிக்கலையா?"ன்னேன். காகா சிரிச்சார். "கவனிச்சுதான் அடிக்கிறாங்க. அவங்களுக்கு ஏதோ குறை இருக்கு."

சோப்தார் அங்க நடந்து போய்க் கேட்டார். என்ன பேசினாங்கன்னு எங்களுக்குக் கேக்கல. ஜால்ரா நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் ஆரத்தி. அவ்வளவு கூட்டமும் அந்த ஒரு திண்டிக்காகக் காத்துக்கிட்டு நின்னுச்சு.

நம்ம ஊர்ல ஜால்ரான்னா 'ஆமாம் சாமி'. இங்க அதே ஜால்ராவுக்கு 'இல்லை சாமி'ன்னு அர்த்தம்! எனக்கு உறைச்சது அது மட்டுமில்ல. குறை உள்ளவன் சோப்தாரைத் தேடி வரல, சோப்தார்தான் அவன்கிட்ட போனார். என் பையனும் மூணு வாரமா ஜால்ரா அடிச்சிருக்கான். நான் தடியைத் தூக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.

திங்கக்கிழமை வாடிக்கையாளர்கிட்ட ரிலீஸை வெள்ளிக்கிழமைக்கு மாத்தலாமான்னு கேட்டேன். "தாராளமா, எங்களுக்கும் சனிக்கிழமை வீட்டுல இருக்கலாமே"ன்னார். ஒரே ஒரு போன். ஒரு மாசம் முன்னாடி பண்ணியிருக்கலாம்.

அப்பலேர்ந்து மீட்டிங்கை முந்தின வாரக் குறையிலதான் ஆரம்பிக்கிறேன். ரிப்போர்ட்ல ஒரே வரி ரெண்டாவது தடவை வந்தா எழுதினவங்க மேஜைக்கு நானே போறேன். எல்லாக் குறையும் தீர்ந்துடாது, சம்பள உயர்வு கேட்டா நான் எங்க போறது? முடியாததை முடியாதுன்னு அன்னிக்கே சொல்லிடுறேன். அதுக்கே பாதி மனத்தாங்கல் குறையுது.

இதையெல்லாம் தங்கமணிகிட்ட பெருமையா சொன்னேன். "சமையக்கட்டுக் குழாய் ஒழுகுதுன்னு நானும் மூணு வாரமா சொல்றேன்"னாங்க.

ஸ்பேனர் எடுத்துட்டுப் போயிட்டேன் :)