நாமக்கல்லில் ஒரு தளும்பும் குடம்

சேலத்திலிருந்து பஸ்ஸில் போகிறவர்களுக்கு, நாமக்கல் வந்துவிட்டதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்களைவிட லாரிகள் ஜாஸ்தியாகத் தெரிகிற இடத்தில் இறங்கிக் கொள்ளலாம். மலைமேல் கோட்டை, கீழே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர், கோழிப் பண்ணை முட்டை என்று பல பெருமைகள் உள்ள ஊர். ஆனாலும் ஊரின் மூச்சு என்னவோ டீசல்தான். பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, டிங்கரிங், பெயிண்டிங்... வெறும் எலும்புக் கூடாக உள்ளே வரும் வண்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெளியே போகிறது.

தென் மாநிலங்களில் சமையல் கேஸ் சுமக்கும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் 'ஸ்டிரைக்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கெங்கோ இருக்கும் இல்லத்தரசிகள் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மானேஜர் திட்டிய தினங்களில், 'பேசாம லாரி ஓட்டப் போயிடலாம்' என்று நம்மில் பலருக்குத் தோன்றியிருக்கும். தோன்றினால் மட்டும் போதாது ஸார். முதலில் கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். வயது 20 நிரம்ப வேண்டும். அப்புறம் ஹெவி லைசென்ஸ். கேஸ், பெட்ரோல் மாதிரி ஆபத்தான சரக்கு என்றால், தனியாக மூன்று நாள் பயிற்சிக்குப் போய் லைசென்ஸில் அதையும் பதிந்து கொள்ள வேண்டும். முன்பு அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. இங்கிலீஷும் ஓர் இந்திய மொழியும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது இன்னொரு விதி. பி.காம். படிப்பு உதவுகிற ஒரே இடம் இதுதான்!

பைபாஸ் டீக்கடையில், தலை நரைத்த ஒரு டிரைவரிடம் கேட்டேன்: "ஏனுங்ணா, கேஸ் வண்டி ஓட்டறது ரொம்பக் கஷ்டமுங்களா?"

"ஓட்டறது கஷ்டமில்லீங்க தம்பி. நிறுத்தறதுதான் கஷ்டம்."

சிமென்ட் மூட்டை ஏற்றினால், பிரேக் போட்டதும் மூட்டையும் சேர்ந்து நிற்கும். திரவம் அப்படியில்லை. வண்டி நின்ற பிறகும் அது முன்னால் ஓடி மோதும், பின்னால் திரும்பும், மறுபடியும் வரும். வளைவில் திருப்பினால் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் கூடவே இழுக்கும். இந்த ஓட்டத்தை மட்டுப்படுத்தத்தான் டேங்குக்குள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். வேகம் குறையும், அவ்வளவுதான். அடியோடு நிற்காது.

'நிறைகுடம் தளும்பாது' என்பார்கள். சரிதான், ஆனால் கேஸ் டேங்கரைக் கழுத்து வரை நிரப்பவே கூடாது. வெயிலில் சூடானால் உள்ளே இருப்பது விரியும். அதற்கு இடம் விட்டாக வேண்டும். ஆகவே, இந்தக் குடம் எப்போதும் தளும்பும். தளும்பாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் டிரைவருடைய உத்தியோகம்.

தளும்பினால் என்ன ஆகும்? 2012 ஆகஸ்ட் 27 இரவு, கேரளாவில் கண்ணூர் அருகே சாலா என்ற ஊரில், சாலை நடுவிலிருந்த தடுப்பில் ஒரு கேஸ் டேங்கர் மோதிக் கவிழ்ந்தது. தீயில் 20 பேர் இறந்தார்கள். திரவமாக இருக்கும் கேஸ் வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு பெரிதாகும். காற்றைவிடக் கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். 2025 ஜனவரி 3 அதிகாலை, கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் 18 டன் கேஸோடு ஒரு டேங்கர் கவிழ்ந்தது. கசிவு இருந்தும், மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சி, அடைத்து, தூக்கி நிறுத்திவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டதோடு போயிற்று.

"புதுசா வர்ற பையனுக்கு முதல்ல என்னங்ணா சொல்லித் தருவீங்க?"

"கியர் இல்லீங்க தம்பி. முன்னால போற வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு எடம் விடோணும்னு. வேகமெல்லாம் பசங்களுக்குத் தானா வந்துரும். பொறுமைதான் வர மாட்டேங்குது."

லோடு ஏற்றும் பிளாண்ட் கேட்டில் செல்போனையும் தீப்பெட்டியையும் கொடுத்துவிட்டு, சைலன்ஸரில் பொறி தடுக்கும் கருவி மாட்டி, இறக்கும்போது எர்த் ஒயரைக் கிளிப் போட்டு, வால்வைத் திரும்பத் திரும்பப் பார்த்து... ஒரு நல்ல நாளின் சம்பவம் என்னவென்றால், சம்பவம் எதுவுமே இல்லை என்பதுதான். அதற்கு யாரும் கை தட்டுவதும் இல்லை.

நாளைக் காலை ஆபீஸுக்கு லேட்டாகிவிட்டது என்று பைக்கை முறுக்குவீர்கள். முன்னே ஒரு டேங்கர் போகும். பின்புறம் 1075 என்று எழுதியிருந்தால் அது சமையல் கேஸ். அதற்கு முன்னால் பெரிதாக ஓர் இடம் காலியாக இருக்கும். 'ஆஹா!' என்று அதில் நுழைந்து விடாதீர்கள். அது தன் முதுகுக்குப் பின்னால் தளும்பும் 18 டன்னுக்காக அவர் விட்ட இடம். பத்து நிமிஷம் லேட்டாகப் போனால் மானேஜர் திட்டத்தான் செய்வார்.

திட்டட்டும் ஸார்!