பினாங்கின் காவடிச் சோறு

மலாக்கா நீரிணையின் வடவாயிலிற் கிடக்கும் பினாங்குத் தீவு நம்மவர்க்குப் புதியதன்று. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமையாற்ற மலாய் நாடு சென்ற யாழ்ப்பாணத்தார் வாயிலாக அதன் பெயர் நம் வீடுகளில் நெடுங்காலம் வழங்கிற்று. 1786 இல் பிரான்சிஸ் லைட் அங்கே ஆங்கிலக் கொடி நாட்டியபின், பல திசை வணிகரும் தொழிலாளரும் வந்து குடியேற, ஜோர்ஜ் ரவுண் என்னும் துறைமுக நகர் எழுந்தது. அந்நகரின் ஒரே வீதியையொட்டி, 1801 இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1818 இன் செயின்ற் ஜோர்ஜ் தேவாலயமும், 1833 இன் மகாமாரியம்மன் கோயிலும், சீனரின் கருணைத் தேவி கோயிலும் நிற்கின்றன. வழிகாட்டி நூல்கள் இவற்றையே முதலிற் காட்டும். நாமோ சோற்றுப் பானையின் வழியாக நகருட் புகுவோம்.

'நாசி கண்டார்' என்பது அந்நகரின் பெயர்பெற்ற உணவு. மலாய் மொழியில் நாசி என்றாற் சோறு. கண்டார் என்றால் தோளிற் காவுதல். தமிழ் முஸ்லிம்கள் காவுதடியின் ஒரு முனையிற் சோறும் மறுமுனையிற் கறியுமாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றனர். தடி போயிற்று, பெயர் நின்றது. நம் 'கடை' அங்கே 'கெடாய்', அப்பம் 'அப்போம்'. இடியப்பமோ 'புத்து மாயம்' ஆகித் தேங்காய்ப்பூவுடனும் சர்க்கரையுடனும் வருகின்றது. இடியப்பத்தைப் புட்டென்று அழைத்துச் சொதியின்றி உண்பதைக் கேட்டால் நம் வீட்டு ஆச்சிமார் நகைப்பர்!

'அசாம் லக்சா' இன்னொரு விந்தை. அரிசி நூடில்ஸின்மேல், மீன் கரைந்த புளிச்சாறு வார்த்து, புதினாவும் இறாற் கூழும் சேர்ப்பர். சீனர் கையும் மலாயர் புளியும் அதிற் பிரிக்கவியலாதபடி கலந்துள்ளன.

இச்சுவைக்கு உரியவர் யார் என்னும் வினா அண்மையில் எழுந்தது. தெருக்கடைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் தலைமைச் சமையலாளராக இருத்தலாகாது என்று பினாங்கு அரசு 2014 இல் அறிவித்து, 2016 முதல் நடைமுறைப்படுத்தியது. பழைய கைப்பக்குவம் கெட்டுவிடும் என்பது அதன் அச்சம். அவ்வச்சம் வெறுமையானதன்று, பெருந்தீயின்மேல் 'சார் குவே தியோ' கிளறும் பக்குவம் ஓரிரு மாதத்திற் கைவருவதில்லை. ஆயினும், காவுதடி சுமந்தவரும் தாச்சி கிளறியவரும் அந்நாளிற் கடல் கடந்து வந்த அந்நியரே அல்லரோ? முன்னே வந்தவர் பின்னே வருவோர்க்குக் கதவடைப்பது நமக்கு உவப்பாயில்லை.

உண்மையில், அடுப்புகளை அணைக்க வல்லது வாடகை. பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000 இல் முற்றாக நீங்கியபோது, கடைவீடுகளிற் பல தலைமுறையாய் வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008 இல் யுனெஸ்கோ நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபின், அத்தகைய வீடுகள் பல விடுதிகளாயின. சுவர்கள் காக்கப்பட்டன, உலை வைத்தவர் எங்கோ அடுக்குமாடியில் இருக்கின்றார்.

அங்கே செல்லும் மாணவர் 'பஞ்சிர்' என்னும் சொல்லை அறிந்து செல்க. வெள்ளம் என்பது பொருள். அதைச் சொன்னால், மீன், கோழி, பருப்பு எனப் பல குழம்புகளும் ஒன்றன்மேலொன்றாகச் சோற்றின்மேற் பாயும். கறிகளைத் தனித்தனியே வைத்துண்ணும் நமக்கு முதற் கவளம் சற்றே தயக்கந் தரும். இரண்டாவதில் அஃது இராது.